எரிந்து அணைய வேண்டிய விளக்கு

"அப்பா, வண்டியில சாவியத் திருப்பினதும் டேஷ்போர்டுல ஒரு சிவப்பு விளக்கு எரிஞ்சு, கொஞ்ச நேரத்துல அணையுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள் மகள், போனில். "ஒரு ஆள் உக்காந்திருப்பாரு. அவர் மூஞ்சிக்கு முன்னாடி பெரிய பந்து இருக்கும். அதான் படம்."

"எரியாது" என்றேன் உடனே.

"போய்ப் பாத்தீங்களா?"

"பாக்கவே வேணாம். நம்ம வண்டியில எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது. எரியலைன்னா நல்லதுதானே?"

"இல்லப்பா. அது எரிஞ்சு அணையணும். அப்பத்தான் வண்டி மோதினா விரியற பை, அந்த ஏர்பேக், தன்னைத்தானே சோதிச்சுப் பாத்துக்குதுன்னு அர்த்தம். எரியவே இல்லைன்னா ஏதோ தப்பு. பதினாறு வருஷத்து வண்டி. யாருகிட்டயாவது காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நானும் குழந்தையும் அதுல வரோம். இல்லைன்னா டவுன் பஸ்ஸப் பிடிச்சு வந்துக்கறோம்."

மகள் பத்து மாதக் குழந்தையோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். என் மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கே காட்டிடறோம்டி" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். பேத்தி பஸ்ஸில் வருவதா என்கிற கேள்வி அவளுக்கு அப்போதே முடிந்துபோய்விட்டது.

எனக்கு முடியவில்லை. அந்த விளக்கு ஏன் எரியாது என்பது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் நான்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் அதன் பல்பைக் கழற்றியது என் கை.

நான் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். முப்பது வருடமாக அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் குப்புறப் படுத்து எழுந்துதான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. காரை ஓட்டுவது என் மனைவி. எனக்கு லைசென்ஸ் கிடையாது. இரண்டு முறை டெஸ்டுக்குப் போனேன். இரண்டு முறையும் அந்த மைதானம் சரியில்லை. ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம் என்று என் மனைவி சொல்வாள். மூன்றாவது முறை அவளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள், நாற்பத்தாறு வயதில்.

ஆரம்பத்தில் அவளுக்கு அப்படி ஒரு பயம். பெட்ரோல் குறைகிறது என்று ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததற்குப் பாலத்தின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை என்று விளக்கு எரிந்தபோது இறங்கி நடந்தே வந்துவிட்டாள். அந்தக் காலத்தில்தான் ஒரு நாள் ஹாரன் செத்தது. ஸ்டீயரிங்கின் நடுவில் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் இல்லை. ஹாரனில் கோளாறு இல்லை, நடுவில் எங்கேயோ கரண்ட் வரவில்லை என்பதுவரை கண்டுபிடித்தேன். அதற்குமேல் ஸ்டீயரிங்கைப் பிரிக்க வேண்டும். எதற்கு வம்பு என்று ஒரு காலிங் பெல் சுவிட்சு வாங்கிவந்து, கியர் பக்கத்தில் இரண்டு திருகு போட்டுப் பொருத்தி, தனியாக வயர் இழுத்துவிட்டேன். வெள்ளை சுவிட்சு. மேலே ஒரு மணி படம் போட்டிருக்கும். அழுத்தினால் ஹாரன் அலறும். தெருவே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அழுத்திக் காட்டி, "எங்க வீட்டுக்காரர் கை வெச்சா எதுவும் சரியாயிடும்" என்றாள்.

அந்த வேலையை முடித்துச் சாவியைத் திருப்பியபோதுதான் அந்தப் பந்துக்காரர் சிவப்பாக எரிந்தார். அணையவே இல்லை. வயர் இழுத்தபோது எதையோ அசைத்துவிட்டேன் போல என்று ஒரு மணி நேரம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போக வேண்டும். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை அவளுடையது. சிவப்பு விளக்கைப் பார்த்தால் இனி இந்த ஜென்மத்தில் காரைத் தொடமாட்டாள். நான்கு திருகைக் கழற்றி, மீட்டர் மூடியை விலக்கி, அந்த ஒரு பல்பை மட்டும் பிடுங்கிவிட்டு மூடினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, வந்த வழியே போயின. பிறகு மகள் கேட்கும்வரை நானே மறந்துபோயிருந்தேன்.

மறுநாள் காலையில் மெக்கானிக் கடைக்குப் போனோம். கார் மின்சார வேலை மட்டும் செய்கிற இடம். டயர் கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே கறுப்புக் கோடு வரைந்து, எது எங்கே தொங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். என் பட்டறையை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நீல மேலங்கியும் கொண்டையில் செருகிய பென்சிலுமாக வெளியே வந்தாள். "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"நான்தான் சார்" என்றாள்.

இருக்கட்டும், நாமும் கூடமாட உதவலாம் என்று என் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன்.

"அது எதுக்கு சார்?"

"வயர் எங்கயாவது கட்டாயிருக்கான்னு தொட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்."

"ஏர்பேக் வயர்ல மீட்டர் வைக்கவே கூடாது சார். அந்தப் பைக்குள்ள சின்ன வெடி மாதிரி ஒண்ணு இருக்கு. உங்க மீட்டர்ல இருந்து போற கரண்டே அதுக்குப் போதுமானதா இருக்கலாம். வெடிச்சா நம்ம கையும் போகும், மூஞ்சியும் போகும். மீட்டர் உங்க பையிலயே இருக்கட்டும்."

மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். ஆமாம், சொன்னார். இதுவரை 'வந்தாள்', 'என்றாள்' என்றெல்லாம் சொல்லிவிட்டேன். முப்பது வருடத்தில் என்னை மீட்டரைப் பைக்குள் வைக்கச் சொன்ன முதல் மனிதர் அவர். இனிமேல் 'ர்' போடாமல் முடியாது.

எலெக்ட்ரீஷியன் அம்மா வேலையைத் தொடங்கினார். முதலில் ஸ்டீயரிங்கின் நடுமூடியை டார்ச் அடித்து விரலால் சுற்றித் தடவினார். விரிசல் இருக்கிறதா, யாராவது பிரித்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிறாராம். ஒட்டவில்லை. பிறகு என் பக்கத்து டேஷ்போர்டுக்கு வந்தார். அங்கே ஒரு டிஷ்யூ பேப்பர் டப்பாவை நான் பசை நாடா போட்டு ஒட்டிவைத்திருந்தேன்.

"இதுக்கு அடியிலதான் சார் உங்க பை மடிச்சிருக்கு. அது விரியறப்போ இந்த டப்பா நேரா உங்க மூக்குக்குத்தான் வரும்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் என் மனைவி. அவள் அப்போது சொன்னது டப்பாவின் கலர் நன்றாக இல்லை என்று.

டப்பா போனது. சீட் பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. பெல்ட் போடாதவர்களுக்குப் பை உதவியை விட உபத்திரவம்தான் அதிகம் செய்யும் என்றார். வண்டியின் நம்பரைப் போனில் தட்டி, கம்பெனிக்காரர்கள் பை மாற்றித் தருவதற்குத் திரும்பக் கூப்பிட்ட வண்டிகளில் இது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. என் மனைவியை ஓட்டுகிற இடத்தில் உட்காரச் சொல்லி, அவள் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் கையை விரித்து அளந்தார்.

"ஒரு சாணுக்கு மேல இருக்கணும் அக்கா. நீங்க ரொம்ப ஒட்டி உக்கார்றீங்க. பை அடிக்கிற வேகத்துல கிட்ட இருந்தா அதுவே காயப்படுத்திடும். சீட்டக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. குழந்தை வருதுன்னு சொன்னீங்களே, முன்சீட்டுல மடியில வெச்சுக்காதீங்க. பின்னாடி, குழந்தை சீட்டுல."

என் மனைவி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. இப்படியே போனால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீயும் வாங்கிக்கொண்டேன்.

"சாவியத் திருப்புங்க அக்கா."

திருப்பினாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக எரிந்தன. பந்துக்காரர் மட்டும் இல்லை. எலெக்ட்ரீஷியன் அதே நான்கு திருகைக் கழற்றினார், அதே மூடியை விலக்கினார், டார்ச்சை உள்ளே காட்டினார்.

"பல்பு போகல அக்கா. பல்பே இல்ல. ஹோல்டர் காலியா இருக்கு. யாரோ கழட்டியிருக்காங்க. பழைய வண்டிய விக்கறப்போ சில பேரு இப்படிப் பண்ணுவாங்க, கோளாறு இருக்குறது வாங்கறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. இத யாருகிட்ட வாங்கினீங்க?"

என் மனைவியின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

வண்டியை எங்களுக்கு விற்றது அவளுடைய சொந்த அண்ணன். என் மைத்துனர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு அங்குலம் தப்பினாலும் அன்றைக்குத் தூக்கம் வராத மனிதர். கொசுவர்த்திச் சுருள் வாங்கினால்கூட ரசீதைக் கோர்த்து வைப்பார். எட்டு வருடமாக இந்த வண்டியில் எங்கேயாவது 'கடகட' என்று கேட்டால், "உங்க அண்ணன் நம்ம தலையில கட்டின ஓட்டை வண்டி" என்று நான் சொல்லாமல் விட்டதில்லை. அவர் முன்னாலேயே சொல்வேன். அவருக்குச் சுர்ரென்று ஏறும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ஆனந்தம்.

என் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, வண்டிய எங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஏர்பேக் விளக்கக் கழட்டினியா?"

"எதக் கழட்டினேன்?"

"பல்பு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பல்பக் கழட்டிட்டு வித்திருக்க. கூடப் பிறந்தவகிட்டயே இப்படிப் பண்ணுவியா? ஞாயித்துக்கிழமை இதுல என் பேத்தி வரப் போறா."

"அந்த வண்டியில ஒரு திருகக்கூட நானாத் தொட்டதில்ல" என்றார் மைத்துனர். "ஃபைல் இருக்கு. எல்லா சர்வீஸுக்கும் பேப்பர் இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க? இப்பவே எடுத்துட்டு வரேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் தங்கை சண்டை, இன்றைக்கு அடித்துக்கொள்வார்கள், நாளைக்குச் சேர்ந்துகொள்வார்கள் என்று ஒரு கணக்கு. அதைவிடப் பெரிய காரணம் வேறு. எங்க வீட்டுக்காரர் கை வைத்தால் சரியாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவளிடம், கை வைத்த லட்சணம் இதுதான் என்று எப்படிச் சொல்வது? முப்பத்தொரு வருடத்தில் அவள் என்னைத் திட்டாத விஷயமே இல்லை. என் வேலையை மட்டும் அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

எலெக்ட்ரீஷியன் ஒரு புதுப் பல்பைப் போட்டார். சாவியைத் திருப்பியதும் பந்துக்காரர் எரிந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு என்னை நேருக்கு நேர் பார்த்தார். அணையவில்லை. எலெக்ட்ரீஷியன் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த சின்னத் திரையைப் படித்தார். பிறகு குனிந்து, கியர் பக்கத்தில் இருந்த காலிங் பெல் சுவிட்சைப் பார்த்தார்.

"இது என்ன அக்கா?"

"ஹாரன்" என்றாள் என் மனைவி. அவ்வளவு கோபத்திலும் குரலில் ஒரு பெருமை ஏறியது. "ஸ்டீயரிங்ல ஹாரன் நின்னுபோச்சு. எங்க வீட்டுக்காரர்தான் இப்படி வெச்சுக் குடுத்தாரு. ஆறு வருஷமா ஒரு தொந்தரவு இல்ல."

"ஹாரனும் ஏர்பேக்கும் ஒரே கேபிள்லதான் அக்கா வருது." அவர் தன் மேலங்கியின் பெல்ட்டைக் கழற்றி விரலில் சுருட்டிக் காட்டினார். "ஸ்டீயரிங் திரும்பிட்டே இருக்கும் இல்லையா, அதனால கேபிள இப்படிச் சுருட்டி உள்ள வெச்சிருப்பாங்க. வண்டி பழசானா அது உள்ளயே அறுந்துடும். முதல்ல ஹாரன் போகும். கூடவே ஓட்டறவங்க பக்கத்துப் பைக்குப் போற கரண்டும் நின்னுடும். ஹாரன் போன அன்னிக்கே இங்க வந்திருந்தா, அரை நாள் வேலை."

"அப்ப ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமா உங்க பக்கத்துப் பை வேலை செய்யல அக்கா." மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "சார் பக்கம் எந்தக் கோளாறும் காட்டல. அடிபட்டிருந்தாலும் சாருக்கு அது விரிஞ்சிருக்கும்."

டீ கிளாஸைப் பாதியிலேயே பெஞ்சில் வைத்தேன்.

எனக்கு ஒவ்வொரு சாலையும் ஞாபகம் வந்தது. ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை டிக்கியில் போட்டுக்கொண்டு, மழையில், லாரிகளுக்கு நடுவில், அவள் என்னை எத்தனை வீடுகளுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நான் என் பை இருக்கிற பக்கத்தில் காலை நீட்டித் தூங்கியிருக்கிறேன். அவள் ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்து, வெறும் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் கண்ணைச் சிமிட்டாமல் ஓட்டியிருக்கிறாள். ஒரே ஒரு லாரிக்காரன் கண் அசந்திருந்தால், நான் இறங்கி நடந்திருப்பேன். அவள் இறங்கியிருக்க மாட்டாள். எழுந்து நின்றேன்.

"பல்பக் கழட்டினது நான்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"உங்க அண்ணன் இல்ல. நான்தான். ஹாரன் போன அன்னிக்கு அந்த விளக்கு எரிஞ்சுச்சு. நீ பாத்தா பயந்துடுவேன்னு கழட்டிட்டேன். அப்புறம் சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். பண்ணல."

எலெக்ட்ரீஷியன் மெதுவாகச் சுவர்ப்பக்கம் போய், ஏற்கெனவே சரியாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஸ்பேனரைச் சரிசெய்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். வரப்போகும் திட்டுக்கு நான் தலையைத் தாழ்த்தித் தயாராக நின்றேன். அவள் எலெக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள்.

"கேபிள் மாத்த எத்தனை நாளாகும்?" என்று அவரிடம் கேட்டாள்.

"பொருள் வர மூணு நாள் அக்கா."

"வண்டி இங்கயே இருக்கட்டும்." வீட்டுச் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் வந்து நின்றது. மைத்துனர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. பாலிதீன் உறை போட்ட ஒரு ஃபைலைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மச்சான், பல்பக் கழட்டினது நான்" என்றேன். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையை விடச் சுலபமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். ஆனாலும் ஃபைலைத் திறந்தார். "இத யாராவது பாத்துத்தான் ஆகணும். அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கேன்" என்று விற்பதற்கு முந்தின மாத சர்வீஸ் தாளை எடுத்தார். 'எச்சரிக்கை விளக்குகள்: சரி' என்று முத்திரையோடு இருந்தது. எலெக்ட்ரீஷியன் அதைப் படித்து, "சரியாத்தான் இருக்கு சார்" என்றார். மைத்துனரின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"எட்டு வருஷமா ஓட்டை வண்டி, ஓட்டை வண்டின்னு சொன்னீங்களே மாப்ள. ஓட்டை யாருது?"

"என்னுதுதான் மச்சான்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. தலைக்கவசம் போட்டிருக்கேன்."

"என்னுதுதான்."

அவர் நிதானமாகத் தலைக்கவசத்தைக் கழற்றி, தனக்கும் ஒரு டீ சொன்னார். என் மனைவி பக்கத்தில் போய், "தப்பாப் பேசிட்டேன் அண்ணே" என்றாள். "நீ பேசினதுல தப்பில்ல. ஆளுதான் தப்பு" என்று அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எட்டு வருடக் கடுப்பு தீர்ந்த மனிதன் டீ குடிப்பதைப் பார்க்கிற பாக்கியம் அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது.

அடுத்த மூன்று நாள் நாங்கள் பஸ்ஸில் போய்வந்தோம். அந்த மூன்று நாளும் என் மனைவி என்னைத் திட்டவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் வீட்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டால், டூல் பையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தால், பேஸ்ட் மூடியைத் திறந்துவைத்தால், தினமும் அர்ச்சனை நடக்கும். இப்போது எதுவும் இல்லை. சாப்பாடு போட்டாள், வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள், அவ்வளவுதான். இரண்டாம் நாள் நான் வேண்டுமென்றே ஈரத் துண்டை அவள் நாற்காலியிலேயே போட்டுப் பார்த்தேன். எடுத்துப்போய்க் கொடியில் காயப்போட்டாள்.

மூன்றாம் நாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ பயப்படுவேன்னுதான்."

"பயப்பட வேண்டியதுக்குப் பயப்படறது நல்லதுதானே?"

மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கப் போய்விட்டாள்.

நான்காம் நாள் கடைக்குப் போனோம். எலெக்ட்ரீஷியன் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எதையும் தொடாமல் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். உள்ளே மிச்சமிருக்கிற கரண்ட் இறங்க நேரம் கொடுக்க வேண்டுமாம். அதுவரை கைக்கு வேலை கிடையாது. சும்மா நிற்பதும் ஒரு வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு பையை நெஞ்சுக்கு விலக்கிப் பிடித்து எடுத்து, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி தனி மேஜையில் வைத்தார். பழைய கேபிள் வெளியே வந்தது. நாடாவில் முடி அளவுக்கு ஒரு கீறல். இதுதானா, இவ்வளவுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எல்லாம் மாட்டியதும் என் மனைவி சாவியைத் திருப்பினாள். பந்துக்காரர் எரிந்தார். ஒன்று, இரண்டு என்று நான் மனசுக்குள் எண்ணினேன். ஆறு என்னும்போது அணைந்தார். ஸ்டீயரிங்கின் நடுவில் அவள் உள்ளங்கையால் அழுத்த, ஹாரன் ஒலித்தது.

"பை விரியுமான்னு விரிஞ்சாத்தான் அக்கா தெரியும். விரிச்சுப் பாத்துச் சொல்ல முடியாது" என்றார் எலெக்ட்ரீஷியன். "கேபிள் சரி, உள்ள இருக்கற கம்ப்யூட்டர் முழிச்சிருக்கு, விளக்கு உண்மை பேசுது. என்னால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான். இனிமே எரிஞ்சு அணையாம நின்னா, வேற யாரையும் தொட விடாதீங்க." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அந்த மரியாதையையும் நான் குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துவரப் போனோம். பின்சீட்டில் குழந்தை சீட்டைக் கட்டியிருந்தோம். மைத்துனர் வாங்கிக் கொடுத்தது, ரசீதோடு. பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. என் மனைவி நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினாள். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருந்தாள். பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

"இன்னும் கோபமா?" என்று கேட்டேன்.

"கோபம் இல்லன்னு யார் சொன்னா?"

"பின்ன ஏன் ஒரு வார்த்தைகூடத் திட்டல? நீ பேசாம இருக்கறதத் தாங்க முடியல."

அவள் பஸ் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அந்தப் பொண்ணு, சார் பக்கம் நல்லா இருக்குன்னு சொன்னப்போ, உங்க மூஞ்சியப் பாத்தேன்" என்றாள். "கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல அப்படி ஒரு முகத்தப் பாத்ததில்ல. டீ கிளாசப் பாதியிலயே கீழ வெச்சிட்டீங்க. நான் செத்திருந்தா இவரு என்ன ஆகியிருப்பாருன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் திட்டலாம்னு வாயத் திறந்தாலும் அந்த மூஞ்சிதான் வந்து நிக்குது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பரவால்ல, திட்டிடு" என்றேன். "அவ வர்றதுக்குள்ள."

என் மனைவி சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். ஆறு வருடத்துக்கும் சேர்த்து ஆரம்பித்தாள். பல்பில் தொடங்கி, சுவிட்சுக்கு வந்து, அண்ணனை ஓட்டை வண்டி என்று சொன்னதைத் தொட்டு, ஈரத் துண்டு வரை போனாள். "பொண்டாட்டி உசுர விட ஒரு ஞாயித்துக்கிழமை பெருசாப் போச்சு உங்களுக்கு" என்றபோது அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. மகள் குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டும்வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாயிற்று.